நான்கு பக்கமும் சரி, அறை மட்டும் கோணல்: வீடு கட்டுகிறவர்கள் கவனிக்கவும்

ஆரையம்பதியில் எங்கள் வீட்டோடு சேர்த்து மகளுக்கு ஒரு அறை கட்டினோம். 12 அடிக்கு 10 அடி, கூலிக் கொந்தறாத்து. அத்திவாரத்துக்கு நூல் கட்டிய அன்று, "மூலை மட்டம் பார்த்தீங்களா தம்பி?" என்று, அதாவது மூலைகள் செங்கோணமா என்று, மேசனிடம் கேட்டேன். "எல்லாம் பார்த்தாச்சு அண்ணன், நாலு பக்கமும் அளவு சரி" என்றார். நானும் டேப் பிடித்தேன். 12, 10, 12, 10. சரியாகத்தான் இருந்தது. கூரை போட்டுப் பூச்சும் முடிந்ததும் முழுக் காசையும் கொடுத்துவிட்டேன்.

டைல்ஸ் பதிக்க வந்த பையன்தான் கண்டுபிடித்தான். இரண்டடிக் கல். பத்தடிச் சுவரோரம் முதல் கல்லில் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாகச் சீவினான். ஐந்தாவது கல்லுக்கு வரும்போது ஆறு அங்குலம் போய்விட்டது. எதிர்ச்சுவரில் அதே அளவு வெற்றிடம், ஆப்பு மாதிரி. டேப்பை மூலைக்கு மூலை குறுக்கே பிடித்தோம். ஒன்று 16 அடி, மற்றது 15 அடி 3 அங்குலம். இரண்டுமே 15 அடி ஏழரை அங்குலம் வந்திருக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் நாற்பக்கல் பாடத்தில் படித்ததுதான். எதிர்ப்பக்கங்கள் சமமாக இருந்தால் அது இணைகரம், அவ்வளவுதான்; சாய்ந்தும் இருக்கலாம். செவ்வகம் என்று சொல்ல மூலைவிட்டங்களும் சமமாக வேண்டும். மூலைவிட்டத்தை மட்டும் நம்பினாலும் பிழைதான், சில சரிவகங்களிலும் (ஒரு சோடிப் பக்கம் மட்டும் இணையாக உள்ளவை) அவை சமமாக வரும். பக்கம், மூலைவிட்டம் இரண்டும் ஒத்துவர வேண்டும். சதுர அறை என்றாலும் இதே கதை: நான்கு பக்கமும் 10 அடி என்பது சாய்சதுரத்துக்கும் பொருந்தும்.

மேசனுக்குப் போன் எடுத்தேன். "நீங்க கேட்ட அளவுக்குத்தானே கட்டினேன்" என்று வைத்துவிட்டார். அளவில் பிழை விட்டதைக்கூடப் பொறுப்பேன்; பார்க்காமலே "பார்த்தாச்சு" என்று சொன்னதுதான் மனம் ஆறவில்லை. இப்போது ஆறரை அடிக் கட்டிலைச் சுவரோடு போட்டால் ஒரு முனையில் நான்கு அங்குலம் விலகி நிற்கிறது. சுவரை இடிக்க எங்களிடம் காசில்லை.

நூல் கட்டிய அன்றே நீங்களே போய் நில்லுங்கள். ஒரு மூலையிலிருந்து ஒரு நூலில் 6 அடி, மற்றதில் 8 அடி குறித்து, குறுக்கே 10 அடி வருகிறதா பாருங்கள்; வந்தால் அந்த மூலை செங்கோணம். அப்புறம் இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அப்போது நூல் கட்டிய குத்தியைப் பிடுங்கி நகர்த்த ஐந்து நிமிடம்தான். கொங்கிரீட் போட்ட பிறகு ஒன்றும் செய்ய முடியாது.