ஸ்லிப் எண்ணைக் கண்ணில் காட்டிய 140 டாலர் டப்பா

ஒன்றரை வருடமாக என் பிக்கப் டிரக்கின் டேஷ்போர்டில் ஒரு பழைய ஆண்ட்ராய்டு போன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிம் கிடையாது, மூலையில் விரிசல். அதற்கு ஒரே வேலை, நான்கு எண்களைக் காட்டுவது: ஓடுகிற கியர், கியர் ஆயிலின் சூடு, லாக்கப் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பூட்டும் கிளட்ச்) ஆனா ஆஃபா, ஸ்லிப் (இரண்டின் சுற்று வித்தியாசம்) எவ்வளவு. ஸ்டியரிங்குக்குக் கீழே, வண்டியின் கம்ப்யூட்டரோடு பேச வைத்திருக்கும் ஓபிடி போர்ட்டில் செருகியிருக்கும் ஓபிடிலிங்க் எம்எக்ஸ் பிளஸ் என்ற டப்பா புளூடூத்தில் அனுப்ப, டார்க் ப்ரோ என்ற ஆப் வாங்கிக் காட்டுகிறது. டப்பா சுமார் 140 டாலர், ஆப் சுமார் 5 டாலர். டிரெய்லர் இழுக்கிற நண்பர்கள் நாலு பேர் கேட்டுவிட்டார்கள், அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

நான் இருப்பது டென்வர் பக்கம், அரோராவில். வண்டி 6 கியர் ஆட்டோமேட்டிக், பெட்ரோல். பின்னால் 6,500 பவுண்டு கேம்பர், அதாவது தங்கும் டிரெய்லர். போன வருடம் வசந்தத்தில் ஒரு தொல்லை ஆரம்பித்தது. 45, 50 மைல் வேகத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தினால், தூங்கி வழிகிற டிரைவர்களை எழுப்ப ரோட்டோரம் போட்டிருக்கும் வரிகள்மேல் டயர் ஏறினாற்போல இரண்டு மூன்று நொடி அதிர்வு. காலை எடுத்தால் போய்விடும். கியர்பாக்ஸ் கடையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, மொத்தமும் இறக்கிக் கட்ட வேண்டும், 4,800 டாலர் என்று எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார்கள். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்றேன். முப்பது வருட அனுபவம் என்றார்கள்.

நாமக்கல்லில் அப்பாவிடம் போனில் சொன்னேன். ஆயுசு முழுக்க லாரி ஓட்டினவர். "கிளட்ச் பிளேட் தேஞ்சா எஞ்சின் கத்தும், வண்டி ஏறாது, வாசம் வேற வரும். உன் வண்டியில என்ன கண்ணு வருது?" என்றார். என் வண்டியில் கத்தலும் இல்லை, வாசமும் இல்லை, செக் எஞ்சின் விளக்குகூட எரியவில்லை. அங்கேதான் எண் தேவைப்பட்டது.

முதலில் வாங்கியது பெயரில்லாத 15 டாலர் அடாப்டர். பெட்டியில் இஎல்எம்327 வெர்ஷன் 1.5 என்று போட்டிருந்தது. அந்தச் சிப்பைச் செய்த எல்ம் நிறுவனம் 1.5 என்று ஒன்றை வெளியிட்டதே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அதில் எஞ்சின் சுற்றிலிருந்து டர்பைன் (கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் விசிறி) சுற்றைக் கழித்து ஸ்லிப் பார்த்தேன். ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் 300 காட்டியது, தூக்கம் போனது. விஷயம் என்னவென்றால், அது ஒரு எண்ணைக் கேட்டு, பதில் வந்த பிறகுதான் அடுத்ததைக் கேட்கும். நிதானமாக வேறு கேட்கும். வேகம் ஏறிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் சுற்று புதுசு, டர்பைன் சுற்று பழசு. கழித்து வருவது ஸ்லிப் அல்ல, தாமதம்.

எம்எக்ஸ் பிளஸ் வேகமானது என்பதைவிட, அதில் ஒழுங்காகக் கேட்டால் ஒழுங்காகப் பதில் வருகிறது என்பதே பெரிய விஷயம். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் தானே கணக்குப் போட்டு வைத்திருக்கும் ஸ்லிப் எண்ணை நேராகக் கேட்டு வாங்கலாம். ஆனால் அதைக் கேட்பதற்கான குறியீடு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆப்பில் கஸ்டம் பிஐடி என்ற இடத்தில் குறியீடு, ஹெடர் (எந்தக் கம்ப்யூட்டரைக் கேட்கிறோம் என்பது), சமன்பாடு எல்லாம் நாமே அடிக்க வேண்டும். எனக்கு ஒரு சனிக்கிழமை மாலை முழுதும் போனது.

அதிலும் ஒரு கூத்து. பதில் ஏ, பி என்று இரண்டு பகுதியாக வரும். சமன்பாட்டில் ஏ பெருக்கல் 256 கூட்டல் பி என்று போட்டிருந்தேன். சமதரையில் சரியாக இருந்தது. இறக்கத்தில் காலை எடுத்ததும் ஸ்லிப் 65,516 என்று காட்டியது! பயந்து ஓரங்கட்டினேன். இறக்கத்தில் சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது, அதனால் ஸ்லிப் மைனசில் போகும். ஆப்புக்கு மைனஸ் என்று தெரியவில்லை, 65,536-இல் 20 குறைவாகக் காட்டிவிட்டது. ஏ-க்கு முன்னால் சைன்டு என்று சேர்த்ததும் மைனஸ் 20 என்று வந்தது.

எண்ணைப் படிக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் ஆயிலில் மூழ்கிய இரண்டு விசிறிகள். ஒன்றை எஞ்சின் சுற்றும், அது வீசுகிற ஆயில் மற்றதை, அதாவது டர்பைனை, சுற்றும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஸ்லிப். சிக்னலில் டிரைவில் நிற்கும்போது எஞ்சின் 650, டர்பைன் பூஜ்யம், ஸ்லிப் 650. அது நோய் இல்லை. லாக்கப் கிளட்ச் பிடித்த பிறகு எண் பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். சில புது கியர்பாக்ஸ்களில் எஞ்சின் துடிப்பை விழுங்குவதற்காக வேண்டுமென்றே 20 சுற்று போல விட்டுவைப்பார்கள், அதுவும் சரிதான். லாக்கப் ஆன் என்று இருக்கும்போது எண் ஏறினால்தான் கவலை. அதனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சில்வர்தார்னிலிருந்து ஐசன்ஹோவர் சுரங்கத்துக்கு ஐ-70 நெடுஞ்சாலை ஏற்றம். சுரங்கம் 11,158 அடியில், சரிவு 7 சதவீதம் வரை. கேம்பரோடு ஏறினேன், மனைவி எண்களை வாசித்தாள். லாக்கப் ஆஃப் ஆனபோது 400, பரவாயில்லை. ஆன் ஆனதும் 0, 40, 110, 60, 150 என்று ஆடியது. அதே நேரம் சீட்டுக்கடியில் அந்த அதிர்வு. ஆயில் சூடு 195-லிருந்து ஏறி, சுரங்க வாசலில் 232 ஃபாரன்ஹீட். சூடு காட்டும் முள்ளை மட்டும் பார்த்திருந்தால் ஏற்றத்தால் வந்தது என்று விட்டிருப்பேன்.

பிடித்து விட்டு, பிடித்து விட்டு வருகிற இந்த அதிர்வுக்குப் பழசான ஆயில் ஒரு பிரபலமான காரணம். கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டை (பான் என்பார்கள்) கழற்றினேன். ஆயில் கறுத்திருந்தது, ஆனால் தீய்ந்த வாசமோ பெரிய தூளோ இல்லை. பான் வழியாக வடிவது பாதிக்கும் குறைவு, மிச்சம் கன்வெர்ட்டரிலும் கூலரிலும் நின்றுவிடும். அதனால் 300 மைல் இடைவெளியில் இரண்டு முறை மாற்றினேன், ஃபில்டரோடு. ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் 190 டாலர் ஆனது. எல்லா வண்டிக்கும் இது போதும் என்று சொல்ல மாட்டேன். கிளட்ச் தகடே தேய்ந்திருந்தால் ஆயில் என்ன செய்யும்?

குறை என்றால், என் வண்டியில் போர்ட் இருக்கும் இடத்துக்கு டப்பா முழங்காலில் இடிக்கிறது, 12 டாலருக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் போட்டேன். ஜூலை வெயிலில் போன் சூடாகி அணைந்துவிடும், அது டப்பாவின் தப்பில்லை. ஐபோன்காரர்களுக்கு டார்க் ப்ரோ கிடையாது. டப்பா ஐபோனிலும் வேலை செய்யும், வேறு ஆப் தேட வேண்டும். டிரெய்லர் இழுக்காதவர்கள், குறியீடு அடிக்கப் பொறுமை இல்லாதவர்கள் வாங்க வேண்டாம்.

அந்த எஸ்டிமேட் தாள் இன்னும் கையுறைப் பெட்டியில்தான் இருக்கிறது. அதன் பின்பக்கத்தில் எண்களைக் குறித்துவருகிறேன். கடைசி வரி: 91,400 மைல், அதே ஏற்றம், கேம்பரோடு, லாக்கப் ஆன், ஸ்லிப் 6, சூடு 208.