பாலையைச் சப்போட்டா என்று சாதிக்கும் ஆப்

போன வாரம் தங்கை மாப்பிள்ளை போனில் கேட்டார்: "மச்சான், இலையைக் காட்டினா மரத்தோட பேரைச் சொல்லுமே, அந்த ஆப்புக்கு வருடச் சந்தா கட்டலாமா?"

கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலையில்தான் எங்கள் ஊர்க் கோயில்காட்டில் நிற்கும் உலக்கைப் பாலையை அது மறுபடியும் சப்போட்டா என்றிருந்தது. மூன்று வருடமாக இதே பதில். 'தவறு' பொத்தானை எத்தனை முறை அழுத்தினேன் என்று கணக்கே இல்லை.

நன்றி கெட்டும் பேசக் கூடாது. இலையைப் பார்க்கக் கற்றுக்கொடுத்ததே இந்த ஆப்தான். வேம்பின் ஓர் ஈர்க்கு முழுவதும் சேர்ந்துதான் ஓர் இலை, அதில் இருப்பதெல்லாம் சிற்றிலை, மொட்டு ஈர்க்கின் அடியில்தான் இருக்கும் என்பது ஐம்பது வயதுக்கு மேல்தான் எனக்குத் தெரிந்தது. மலைவேம்பில் அந்த ஈர்க்கே மறுபடி கிளைக்கும். வைரவன்பட்டிக் கோயிலின் தலமரம் என்று பேர் மட்டும் கேட்டிருந்த அழிஞ்சில் மரத்தை, ஒரு பங்குனியில் இலையெல்லாம் கொட்டி வெறும் பூவோடு நின்றபோது ஒரே படத்தில் சொல்லிவிட்டது. அன்றைக்கு ஊரெல்லாம் புகழ்ந்து திரிந்தேன்.

ஆனால் பாலை! இரண்டுக்கும் இலைகள் கிளை நுனியில் கொத்தாக நிற்கும், கிள்ளினால் பால் வரும், சரி. நுனியைப் பார்க்க வேண்டாமா? சப்போட்டா இலை கூராக முடியும். பாலை இலையின் நுனி நடுவில் உள்வாங்கியிருக்கும், யாரோ நகத்தால் கிள்ளியது மாதிரி. பழமோ வேப்பம்பழ அளவுதான், மஞ்சளாக இருக்கும், தின்றால் உதடு ஒட்டும். அப்பத்தா இலைப் பக்கமே போகாது. கண்மாய்க் கரையில் இருந்தபடியே, கரும்பச்சையாகக் குடை விரித்த உருவத்தைப் பார்த்து "பாலை" என்றுவிடும்.

தமிழில் 'பாலை' என்று தேடினால் இன்னும் மோசம். ஏழிலைப்பாலையும் வெட்பாலையும் வந்து நிற்கின்றன. அவை அரளிக் குடும்பம். பால் வடிவதைத் தவிர இதோடு என்ன உறவு?

இதை நாற்றங்கால்காரரிடம் புலம்பினேன். அவர் சிரித்துவிட்டு, "ரெண்டும் பங்காளிதானேய்யா. சப்போட்டாவைப் பாலைக் கன்னுலதான் ஒட்டுக் கட்டுறோம்" என்றார். விசாரித்தால் உண்மைதான், இரண்டும் ஒரே பேரினம். அப்படியானால் ஆப் ஒரு வீடு தள்ளித்தான் கதவைத் தட்டியிருக்கிறது. பத்து மரத்துக்கு எட்டு மரம் சரியாகச் சொல்கிற ஒன்றை இதற்காகத் திட்டுவது நியாயமில்லைதான். இருந்தாலும், பங்காளி என்பதற்காக அவன் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை என்று என் பேரைப் போட முடியுமா? தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்ல வேண்டியதுதானே. 92 சதவீதம் சப்போட்டாவாம்!

மாப்பிள்ளையிடம், "கட்டாதீங்க" என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப நீங்க?"

நான் கட்டியது ஐப்பசி வரைக்கும் இருக்கிறது. அதுவரை அந்தப் பாலைப் பக்கம் போனை எடுத்துக்கொண்டு போவதாக இல்லை.