சம்பளச் சமையலா, சொந்தக் கடையா?

வேறு நாட்டில் 10 வருடம் அடுப்படியில் நின்றவருக்கு இரண்டு வழி: தலைமைச் சமையல்காரராகவே தொடர்வது, இல்லையென்றால் சொந்த உணவகம்.

வேலையில் சம்பளம் தேதிக்கு வரும். ஆனால் விசா முதலாளியோடு கட்டப்பட்டிருந்தால், கோபத்தில் ஏப்ரனைக் கழற்றி வீச முடியாது.

கடை வைத்தால் அந்தப் பயம் போய் வேறு பயம் வரும். விற்பனையில் ஏறத்தாழ 30 சதவீதம் சரக்குக்கு, அதே அளவு ஆட்களின் சம்பளத்துக்கு, அப்புறம் வாடகை. இரவு 11 மணிக்கு அடுப்பைத் துடைத்த ஈரக்கையோடு பில்களை எண்ண உட்கார வேண்டும். சமைக்கத்தானே வந்தோம் என்று தோன்றும்.

என்னைக் கேட்டால், நிரந்தர வசிப்புரிமை கிடைக்கும்வரை வேலைதான். பல நாடுகளில் வேலை விசாவில் சொந்தத் தொழில் நடத்தவே முடியாது. அதுவரை கொள்முதல் கணக்கைப் பழகலாம். பிறகு கடை எடுக்கும்போது, குத்தகைப் பத்திரத்தில் தனிப்பட்ட ஜாமீன் (வாடகைக்கு நீங்களே சொந்தப் பொறுப்பு என்ற கையெழுத்து) கேட்டால் மட்டும் உஷார்: கடை மூடினாலும் பாக்கி வீடு தேடி வரும்.