ஷன்ட்டா, ஹால் சென்சாரா? மாதிரிப் படகில் 200 ஆம்பியரை அளக்க

நின்ற படகு சட்டென்று பாயும் நொடிகளில்தான் மின்னோட்டம் எகிறும். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் வேகக் கட்டுப்படுத்தி கருகுவதும் பெரும்பாலும் அப்போதுதான். அந்த உச்சத்தைப் பதிவு செய்ய இரண்டு வழிகள் உள்ளன.

ஷன்ட் என்பது மிகக் குறைந்த மின்தடை கொண்ட உலோகத் துண்டு. 0.5 மில்லி ஓம் ஷன்ட்டில் 200 ஆம்பியர் பாய்ந்தால் இரு முனைகளுக்கிடையே 0.1 வோல்ட் கிடைக்கும்; அதை அளந்தே மின்னோட்டத்தைக் கணக்கிடுகிறோம். கூடவே 20 வாட் வெப்பமும் எழும். மூடிய படகுக்குள் அந்த வெப்பத்துக்குப் போக்கிடமில்லை. துல்லியத்தில் மட்டும் இதற்கு ஈடில்லை.

ஆனால் பேட்டரியின் எதிர்முனை (மைனஸ்) கம்பியில் ஷன்ட்டை வைப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பதிவுக் கருவியின் தரைக் (கிரவுண்ட்) கம்பி பேட்டரியின் எதிர்முனையோடு சேர்ந்திருக்க, அதுவே ரிசீவர் (ரிமோட்டின் சமிக்ஞையை வாங்கும் கருவி) வழியாக வேகக் கட்டுப்படுத்தியோடும் இணைந்தால், மின்னோட்டத்தின் ஒரு பங்கு ஷன்ட்டை விட்டுவிட்டு ரிசீவரை வேகக் கட்டுப்படுத்தியோடு இணைக்கும் மெல்லிய சர்வோ கம்பியில் ஓடும். அளவு குறைவாகத் தெரியும். கம்பியின் உறை உருகிவிடும். நடுக்குளத்தில் கட்டுப்பாடே போய்விடலாம்.

வளைய வடிவ ஹால் சென்சாருக்கு இந்த வம்பே இல்லை. கம்பியை அதன் நடுவே நுழைத்தால் போதும். காந்தப்புலத்தை அளக்கிறது, மின்சுற்றைத் தொடுவதில்லை. குறை என்னவென்றால், வெப்பநிலை மாறினால் சுழியம் நகரும். மோட்டாரின் காந்தமும் குழப்பும். மோட்டாரிலிருந்து தள்ளிப் பொருத்தி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் மின்னோட்டம் இல்லாத நிலையின் அளவைக் குறித்துக் கழித்துவிடுகிறேன்.

தண்ணீரில் ஓட்டும்போது என் தேர்வு ஹால்தான். ஷன்ட்டை மேசையில் வைத்து, ஹால் காட்டும் அளவைச் சரிபார்க்கப் பயன்படுத்துகிறேன்.