ஐ.சி.ஜி. கேமரா: ஒரு தியேட்டர் நர்ஸின் அனுபவம்

ஊசியாகப் போடும் சாயத்தை ஒளிர வைத்து, உடலுக்குள் பித்தக் குழாய்களையும் ரத்த ஓட்டத்தையும் காட்டும் ஐ.சி.ஜி. கேமரா எங்கள் ஆபரேஷன் தியேட்டருக்கு வந்து சில வருடங்கள் ஆகின்றன. வாங்கலாமா என்று வேறு ஆஸ்பத்திரிகளில் வேலை செய்யும் தோழிகள் கேட்டால், ஊசி எப்போது போடுவது என்பதைத்தான் முதலில் சொல்வேன். கேமராவைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

ஐ.சி.ஜி. என்கிற இன்டோசயனின் கிரீன்தான் அந்தச் சாயம்; பழைய மருந்து. அமெரிக்காவில் 1959-லேயே அனுமதி பெற்றது. ரத்தத்தில் ஏறியதும் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத, சுமார் 800 நானோமீட்டர் ஒளி அதன் மேல் பட்டால் ஒளிரும்; கேமரா அதைப் பிடித்துத் திரையில் பச்சையாகக் காட்டும். சிறுநீரில் போகாது. கல்லீரல் அதை எடுத்து அப்படியே பித்தத்தில் விட்டுவிடும்.

பித்தப்பை ஆபரேஷனில் கைகொடுப்பது இந்தக் குணம்தான். அங்கே எல்லோருக்கும் உள்ள பெரிய பயம், வெட்ட வேண்டிய பித்தப்பைக் குழாய் என்று நினைத்து, கல்லீரலின் பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் பொதுப் பித்தநாளத்தை வெட்டிவிடுவது. சாயம் பித்தத்தில் இருந்தால், கொழுப்பைப் பிரிக்கும் முன்பே குழாய்கள் எந்தப் பக்கம் போகின்றன என்று தெரிந்துவிடும். ஆனால் நோயாளி மேஜைக்கு வந்த பிறகு ஊசி போட்டால் கல்லீரல் டியூப்லைட் மாதிரி எரியும், பக்கத்திலுள்ள குழாய் அந்த வெளிச்சத்தில் மறைந்துபோகும். 2.5 மில்லிகிராமை குறைந்தது 45 நிமிடம் முன்பு கொடுக்கச் சொல்கிறது மருந்துத் தாள். எங்கள் அனுபவத்தில் அதுவும் போதவில்லை. சில மணி நேரம் முன்பே, வார்டிலேயே கொடுத்துவிட்டால் கல்லீரல் மங்கி, குழாய்கள் தெளிவாக நிற்கின்றன. அதனால் இந்த வேலையில் பாதி வார்டு சிஸ்டர் கையில் இருக்கிறது. காலை முதல் கேஸ் என்றால் விடிவதற்குள் ஊசி போயாக வேண்டும்.

குடலை வெட்டி இணைக்கும் ஆபரேஷனில் எல்லாம் தலைகீழ். அங்கே பார்ப்பது, இணைக்கப்போகும் முனைகளுக்கு ரத்தம் ஓடுகிறதா என்பதை. எங்கே வெட்டுவது என்று சர்ஜன் முடிவு செய்த பிறகுதான் மயக்க டாக்டர் ஊசி போடுவார். ஒரு நிமிடத்துக்குள் ரத்த ஓட்டம் உள்ள பகுதி ஒளிரும். அப்போதே பார்த்துவிட வேண்டும். தாமதித்தால் ஓட்டம் சரியில்லாத ஓரத்துக்கும் சாயம் மெல்லப் பரவி, அதுவும் நன்றாக இருப்பது போலத் தெரியும். இன்னொன்று: பில்லர் 3 என்ற அமெரிக்க ஆய்வில் 347 மலக்குடல் நோயாளிகளைப் பார்த்தார்கள். இணைப்பு கசிந்தது கேமரா பயன்படுத்திய குழுவில் 9 சதவீதம், பயன்படுத்தாத குழுவில் 9.6. போதிய ஆட்கள் சேராமல் அந்த ஆய்வு பாதியிலேயே நின்றது. அதை வைத்துக் கருவி வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பச்சை தெரிந்தது, இனிக் கசியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கலக்குவதில் கவனம் வேண்டும். 25 மில்லிகிராம் குப்பிக்கு அதோடு வரும் 10 மில்லி ஸ்டெரைல் வாட்டர் மட்டும், சலைன் கூடாது. 6 மணி நேரத்துக்குள் பயன்படுத்தி, மீதியைக் கொட்டிவிட வேண்டும். மருந்தில் அயோடைடு இருப்பதால் அலர்ஜி உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். ஊசி போனதும் பல்ஸ் ஆக்சிமீட்டர் ஆக்சிஜன் அளவைக் கொஞ்ச நேரம் குறைத்துக் காட்டலாம். மயக்க டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போட்டால் யாரும் பதற வேண்டியதில்லை.

குறைகளும் இருக்கின்றன. ஒளி திசுவுக்குள் ஒரு சென்டிமீட்டர்கூடச் சரியாகப் போகாது. ஆகவே கொழுப்பு அதிகமாகவோ கடும் வீக்கமாகவோ இருந்தால், எங்கே உதவி அதிகம் தேவையோ அங்கேயே படம் மங்குகிறது. கல் அடைத்திருந்தால் பித்தப்பைக் குழாய்க்குள் சாயம் நுழையவே நுழையாது. பித்தப்பை கிழிந்து பித்தம் சிந்தினால் திரை முழுக்கப் பச்சை; கழுவி உறிஞ்சிவிட்டுத்தான் மேலே போக முடியும். இதற்காகத்தான் எங்கள் சர்ஜன்கள் சாயம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், குழாயையும் ரத்தக்குழாயையும் முழுசாகப் பிரித்துக் காட்டாமல், அவற்றை அடைக்கும் கிளிப்பைக் கேட்பதில்லை. எனக்கு அதில் முழு உடன்பாடு.

வாங்கப் போகிறவர்கள் டெமோவை ஒல்லியான நோயாளியிடம் மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டாம். வீங்கிய பித்தப்பை ஒன்றிலும் காட்டச் சொல்லுங்கள். அப்புறம், வார்டிலிருந்து தியேட்டருக்கு வரும் செக்லிஸ்டில் ஊசி போட்ட நேரத்துக்கு ஒரு கட்டம் சேர்த்துவிடுங்கள்.