லெவன் டேபிள் டென்னிஸ்: ஹெட்செட்டில் பழகியது நிஜ மேசையில் கைகொடுக்குமா?

மூன்று மாதமாக இந்த வி.ஆர். விளையாட்டை, அதாவது தலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு மெய்நிகர் மேசையில் ஆடும் டேபிள் டென்னிஸை, ஆடிக்கொண்டிருக்கிறேன். இதில் ஆடினால் நிஜ ஆட்டம் வருமா என்று கேட்டால், வரும், ஆனால் பாதிதான் வரும்.

கண்ணும் காலும் நன்றாகப் பழகிவிடுகின்றன. இதில் பந்து அனுப்பும் மெஷின் ஒன்று இருக்கிறது, ஒரே இடத்துக்கு ஒரே ஸ்பின்னோடு சலிக்காமல் அனுப்பிக்கொண்டே இருக்கும், ஓடிப்போன பந்தைக் குனிந்து பொறுக்கவும் வேண்டாம். தினமும் அரை மணி நேரம் பேக்ஹேண்ட் மட்டும் அடித்தேன். அப்புறம் நிஜ மேசைக்குப் போனபோது பந்து எந்தப் பக்கம் வருகிறது என்று தெரிந்ததுமே கால் தானாக நகர்ந்தது, எதிரில் ஆடுபவரின் மட்டை பந்தை எப்படி உரசுகிறது என்று பார்க்கிற பழக்கமும் வந்திருந்தது. உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது! 2019இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் இதையே சோதித்து, வி.ஆரில் பழகியவர்கள் நிஜத்தில் முன்னேறியதைக் கண்டார்கள். ஆனால் அவர்களை ஒப்பிட்டது பயிற்சியே எடுக்காதவர்களோடு, நிஜ மேசையில் பழகியவர்களோடு அல்ல.

விரல்தான் பழகுவதில்லை. 2.7 கிராம் பந்தை விரித்த உள்ளங்கையில் வைத்து 16 சென்டிமீட்டராவது மேலே போட வேண்டும் என்பது சர்வ் விதி. வி.ஆரில் கன்ட்ரோலர் என்ற கருவியைப் பிடித்தே பழகிய கைக்கு அது எப்படி வரும்? என் பந்து கோணலாகத்தான் போனது. நெட்டை ஒட்டி விழும் குட்டைப் பந்தை எடுக்கும்போது வி.ஆரில் கை மேசைக்குள் புகுந்து போய்விடும், நிஜத்தில் அதே பழக்கத்தில் கையை வீசி விரல் முட்டி மேசை விளிம்பில் நன்றாக இடித்துக்கொண்டேன். மட்டையில் ஒட்டிய ரப்பர், பந்தைப் பிடித்து விடுகிற அந்த உணர்வுக்கு ஈடாக ஒரு அதிர்வுதான் கிடைக்கிறது, அதனால் மெதுவாகத் தட்ட நினைத்ததெல்லாம் நீளமாகப் போயிற்று.

வி.ஆர். பயிற்சி நன்றாகவே கைகொடுத்த இடமும் உண்டு. 2002இல் யேல் பல்கலைக்கழக ஆய்வில் வி.ஆரில் பழகிய இளம் மருத்துவர்கள் லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியாகச் செய்யும் அறுவை சிகிச்சை) முறையில் பித்தப்பையைப் பிரித்தெடுக்கும் வேலையை 29 சதவீதம் வேகமாக முடித்தார்கள், தவறும் குறைந்தது. அங்கே நிஜ வேலையே திரையைப் பார்த்து நீண்ட கருவிகளைப் பிடித்துச் செய்வது, அதனால் பழகியதற்கும் செய்வதற்கும் இடைவெளி குறைவு என்று நினைக்கிறேன். பந்தும் ரப்பரும் அப்படி இல்லை.

தாராளமாக வாங்கலாம். மட்டை போன்ற கைப்பிடியைத் தனியாக வாங்கிக் கன்ட்ரோலரில் மாட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மணிக்கட்டு வேறு மாதிரி பழகிவிடும். சர்வுக்கு மட்டும் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு நிஜப் பந்தைத் தூக்கிப் போட்டுப் பழகுங்கள், நான் இப்போது தினமும் ஐம்பது முறை அப்படிப் போடுகிறேன்.