தனியாக ஆர்லாண்டோ: டிஸ்னி வேர்ல்டா, யுனிவர்சலா?

டிஸ்னி வேர்ல்ட், யுனிவர்சல் என்ற இரண்டு பெரிய கேளிக்கைப் பூங்கா வளாகங்கள் இருக்கும் ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவுக்குத் தனியாகப் போகிறவர், குடும்பங்களுக்காகப் போட்ட திட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போனால் பணமும் வீண், நேரமும் வீண். அங்கே செலவு இரண்டு வகை. டிக்கெட், வரிசையைத் தாண்டும் பாஸ் போன்றவை தலைக்கு இவ்வளவு. தங்குவது அறைக்கு இவ்வளவு. தலைக்கணக்கில் நால்வர் குடும்பம் நான்கு மடங்கு கட்டும்போது நீங்கள் ஒரு மடங்குதான் கட்டுகிறீர்கள். அறைக்கணக்கில் பங்கு போட ஆளில்லை, முழுதும் உங்கள் தலையில். எந்த வசதிக்குக் காசைக் கொட்டலாம், எதை விடலாம் என்பதை இந்த ஒரு வித்தியாசமே பெரும்பாலும் முடிவு செய்துவிடும்.

முதலில் என் தீர்ப்பு: இரண்டு மூன்று நாள்தான் இருக்கிறது, ரைடுகள்தான் முக்கியம் என்றால் யுனிவர்சல். ஐந்து நாளுக்கு மேல் இருந்தால், நிகழ்ச்சிகளும் நிதானமாகச் சுற்றுவதும் பிடிக்கும் என்றால் டிஸ்னி.

யுனிவர்சலுக்கு இந்த இடம் கிடைப்பது சிங்கிள் ரைடர் வரிசையால். வண்டியில் மிஞ்சும் ஒற்றை இருக்கையை நிரப்ப ஊழியர் தனி ஆட்களைக் கூப்பிடும் வரிசை அது. கூடுதல் கட்டணம் இல்லை. வெலோசிகோஸ்டர், ஹேக்ரிட், ஹல்க், ஸ்பைடர்மேன், ஃபர்பிடன் ஜர்னி, கிரிங்காட்ஸ், டிரான்ஸ்ஃபார்மர்ஸ் எனப் பெரிய ரைடுகள் பலவற்றில் இருக்கிறது. டிஸ்னியில் டெஸ்ட் டிராக், எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட், ஸ்மக்லர்ஸ் ரன் போல ஒருசிலவற்றில்தான். அங்கே கூட்டம் அதிகம் சேரும் மேஜிக் கிங்டம் பூங்காவில் ஒன்றுகூட இல்லை.

இந்த வரிசை எங்கே வேகமாக நகரும் என்பதை இருக்கை அமைப்பைப் பார்த்தே சொல்லிவிடலாம். டெஸ்ட் டிராக் வண்டியில் மூன்று மூன்றாக இரண்டு வரிசை. ஜோடியாக வருகிறவர்கள் ஒவ்வொரு முறையும் ஓர் இருக்கையை மிச்சம் வைப்பார்கள், வரிசை ஓடும். ஹல்க்கில் நான்கு நான்கு இருக்கை; மூவர் குழுக்கள் வந்தால் உங்களுக்கு இடம். வெலோசிகோஸ்டர், ஹேக்ரிட், எவரெஸ்ட் மூன்றிலும் இரண்டிரண்டு இருக்கை. ஜோடிகள் வந்து வந்து நிரப்பிவிடுவதால் மூவராகவோ ஐவராகவோ ஒரு குழு வந்தால்தான் ஒற்றை இருக்கை மிஞ்சும். ஆகவே இவற்றில் சிங்கிள் ரைடர் வரிசையில் ஐம்பது பேர் நின்றாலே யோசியுங்கள். நண்பர்கள் பிரிந்து ஏறலாம் என்று கூட்டமாக அதில் புகுவதும் உண்டு. வரிசை நிரம்பினால் ஊழியர்கள் வாசலை மூடிவிடுவார்கள், கொஞ்ச நேரம் கழித்துத் திறப்பார்கள்.

இதற்கு விலையும் உண்டு. முன்வரிசை வேண்டும் என்று கேட்க முடியாது. ஹேக்ரிடில் மோட்டார் சைக்கிளா, அதன் பக்கத்தில் ஒட்டிய பெட்டி இருக்கையா (சைடுகார்) என்று நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. விண்கலம் ஓட்டும் ஸ்மக்லர்ஸ் ரன்னில் அறுவருக்கு மூன்று வகை வேலை. தனியாக வருகிறவருக்குப் பெரும்பாலும் பின்னால் இன்ஜினியர் இருக்கைதான், விமானி இருக்கை அபூர்வம். ஃபர்பிடன் ஜர்னியில் ஹாரி பாட்டர் கதையின் ஹாக்வார்ட்ஸ் கோட்டைக்குள் பேசும் ஓவியங்கள், டம்பிள்டோரின் அறை எல்லாம் சாதாரண வரிசையில் வருகின்றன. சிங்கிள் ரைடர் வழி அவற்றில் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடும். முதல் முறை சாதாரண வரிசையில் நில்லுங்கள். அந்தக் கோட்டையைப் பார்க்காமல் ரைடை மட்டும் முடித்துவிட்டு வருவது பெரிய இழப்பு.

இனி காசு. யுனிவர்சலில் வரிசையைத் தாண்ட விற்கும் எக்ஸ்பிரஸ் பாஸ் தனி ஆளுக்கு அவ்வளவு அவசியமில்லை. அது தாண்டும் வரிசைகளில் பலவற்றைச் சிங்கிள் ரைடர் சும்மாவே தாண்டிவிடும். போர்ட்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிஃபிக் ஆகிய மூன்று ஓட்டல்களில் தங்கினால் எக்ஸ்பிரஸ் அன்லிமிடெட் என்ற பாஸ் இலவசம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது அறையில் பதிவான எல்லோருக்கும் கிடைக்கிறது. நால்வருக்கு லாபம், ஒருவருக்கு நாலில் ஒரு பங்குதான். அப்படியும் எடுக்க ஆசையென்றால் ஒரே ஓர் இரவு எடுங்கள்: உள்ளே வரும் நாள், வெளியேறும் நாள் இரண்டிலும் பாஸ் செல்லும். அந்த அறைக்கும் சாதாரண அறைக்கும் உள்ள வித்தியாசத்தை, இரண்டு நாள் பாஸ் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2025 மே மாதம் திறந்த எபிக் யுனிவர்ஸ் பூங்காவில் இந்த இலவசம் செல்லாது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

டிஸ்னியில் கதை தலைகீழ். சிங்கிள் ரைடர் குறைவு என்பதால் அங்கே வரிசையைத் தாண்டும் லைட்னிங் லேன் பாஸ்தான் தனி ஆள் தாராளமாகச் செலவழிக்க வேண்டிய இடம், தலைக்கணக்குதானே. அதில் ஒரு வகையான மல்ட்டி பாஸில் முதலில் மூன்று ரைடுகளைப் பதிவு செய்யலாம். டிஸ்னி ஓட்டலில் தங்குவோருக்கு 7 நாள் முன்பே பதிவு திறக்கும், வெளியே தங்குவோருக்கு 3 நாள் முன். மூன்றையும் காலை நேரத்துக்கே போடுங்கள்: முதலாவதைப் பயன்படுத்தியதும் அடுத்தது எடுக்கலாம். முதல் பதிவை மாலைக்குப் போட்டவர் நாள் முழுதும் மூன்றோடு நின்றுவிடுவார்.

ஓட்டல் அறை டிஸ்னியில் வேறு காரணத்துக்காக யோசிக்க வேண்டியது. அந்த வளாகம் சுமார் 100 சதுர கிலோமீட்டர். மேஜிக் கிங்டமுக்குக் காரில் போனால் வாசலில் இறங்க முடியாது. டிக்கெட் மையத்தில் இறங்கி மோனோரெயிலோ படகோ பிடிக்க வேண்டும். ஓட்டல் பேருந்து வாசலருகே இறக்கும். தங்குவோருக்குக் காலையில் 30 நிமிடம் முன்னதாக அனுமதியும் உண்டு. ஆகவே மலிவான டிஸ்னி ஓட்டல் போதும். பூங்கா விட்டுப் பூங்கா போகப் பேருந்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டுடியோஸுக்கும் நடுவே மட்டும் கேபிள் கார் இருக்கிறது, அரை மணி நேர நடைபாதையும் இருக்கிறது. யுனிவர்சலின் பழைய இரண்டு பூங்காக்களும் அடுத்தடுத்து. ஹாக்வார்ட்ஸ் எக்ஸ்பிரஸ் ரயில் இரண்டையும் இணைக்கிறது, ஆனால் இரு பூங்கா டிக்கெட் இருந்தால்தான் ஏற்றுவார்கள்.

பையைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லாத சிக்கல் யுனிவர்சலில்தான் கடிக்கும். வெலோசிகோஸ்டரிலும் ஹல்க்கிலும் மெட்டல் டிடெக்டர் உண்டு. சில்லறைக் காசு, சாவி, போன் எதுவும் கூடாது. சிறிய லாக்கர் இலவசம். டிக்கெட்டை ஸ்கேன் செய்து திறக்கும் லாக்கருக்குள் போனை வைத்துவிட்டால், போனில் இருக்கும் டிக்கெட் உதவாது. அதனால் அட்டை டிக்கெட்டை வாங்கி ஜிப் வைத்த சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். டிஸ்னியில் பெரும்பாலான ரைடுகளில் பையைக் காலடியில் வைத்துக்கொள்ளலாம். டிரான் கோஸ்டரில் மட்டும் லாக்கர், அதுவும் இலவசம்.

டிஸ்னியில் டிக்கெட், பாஸ், சாப்பாட்டு ஆர்டர் எல்லாம் ஒரே செயலியில். கூட வந்தவர் போன் என்று ஒன்று இல்லாததால் 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் கட்டாயம். சாப்பாட்டை வரிசையில் நிற்கும்போதே ஆர்டர் செய்துவைத்து, கவுன்டர் பக்கத்திலேயே மேசை கிடைத்தபின் 'வந்துவிட்டேன்' பட்டனை அழுத்துங்கள். தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு இடம் தேட வேண்டியிருக்காது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை பிற்பகல் இடிமழை அங்கே வழக்கம். மின்னல் கண்டால் திறந்தவெளி கோஸ்டர்களை நிறுத்திவிடுவார்கள், டிஸ்னி கேபிள் காரும் நிற்கும். வெலோசிகோஸ்டர், ஹேக்ரிட், ஹல்க் மூன்றையும் பகல் பன்னிரண்டுக்குள் முடித்துவிட்டு, ஸ்பைடர்மேன் போன்ற கூரைக்குள் ஓடும் ரைடுகளை மழை நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.